கறிமீனை நிறுத்திய காலம்

எங்கள் வீட்டை இனி ஒரு கம்பனியைப் போல நடத்துவது என்று நான் அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மனுசனும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சாப்பிட்டு முடிய ஒருத்தரும் எழும்பக்கூடாது. கூட்டம் இருக்கு" என்றேன்.

"என்ன கூட்டம்?" என்று அவர் கேட்டார்.

"கம்பனிக் கூட்டம்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், மிச்சக் கதைக்கு அது தேவைப்படும்.

அந்தக் கூட்டத்துக்குக் காரணம் ஒரு இஞ்சின். நாங்கள் மயிலிட்டிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அவரிடம் ஒரு சின்னப் பைபர் வள்ளம் இருக்கிறது. என் தம்பியும் அவரும் விடிய முதல் கடலுக்குப் போய், காலை எட்டு, ஒன்பது மணிக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். வள்ளத்தில் ஒரு குறையும் இல்லை. பின்னால் பூட்டுகிற இஞ்சின்தான் பிரச்சினை. வாங்கும்போதே அது ஆரோ பாவித்து விட்ட இஞ்சின். அதற்குப் பிறகு எத்தனை தரம் திருத்தினோம் என்று எனக்குக் கணக்கில்லை. பழைய சாமான் எது, மாற்றிப் போட்ட சாமான் எது என்று திருத்தியவனுக்கே தெரியாது.

முந்திய வாடைக்காற்றுக் காலத்தில் அது நடுக்கடலில் இரண்டு தரம் நின்றது. முதல் தரம் பக்கத்தில் வந்த வள்ளமொன்று கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் தரம் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் மூன்று மணிக்குத்தான், துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த ஆறு மணித்தியாலமும் நான் கரையில் நின்றேன். அழவில்லை. அவரைத் திட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த எல்லாத் திட்டும் முடிந்து, திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன். தூரத்தில் வள்ளம் ஒரு புள்ளியாகத் தெரிந்த பிறகுதான் மணலில் இருந்தேன். புது இஞ்சின் வாங்காவிட்டால் ஒரு நாள் இந்த மனுசன் வரப்போவதில்லை. அந்தப் பயம் அன்றைக்கு எனக்குள் ஏறினது, பிறகு இறங்கவே இல்லை. அவர் கடலில் நிற்கிற ஒரு விடியற்காலையிலும் நான் கண் மூடினது கிடையாது.

இஞ்சினைக் கடனுக்கு எடுக்கலாம். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் தருகிறவர்கள் மோட்டார்சைக்கிளில் வந்து பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள். கட்டத் தவறினால் அதே மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி எத்தனை பெண்கள் பின்கதவால் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். மீன் வாங்குகிற முதலாளியிடம் முற்பணம் வாங்கினால், பிறகு மீன் அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். இரண்டும் வேண்டாம் என்று நான் நிலையாக நின்றேன். ஆனால் சேர்த்து வாங்குவதென்றால் எதில் இருந்து சேர்ப்பது?

அந்த நேரத்தில்தான் எங்கள் பெண்கள் சங்கத்தில் மூன்று நாள் பயிற்சி ஒன்று வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பிள்ளை வந்து சுவரில் படம் காட்டிப் படிப்பித்தாள். நான் போனது உள்ளதைச் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்காக. ஆனால் இரண்டாம் நாள் அவள் ஒரு சொல் சொன்னாள்: பெறுமானத்தேய்வு. ஒரு மிசின் வேலை செய்யிற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேயுது, அந்தத் தேய்வும் செலவுதான், அதை அன்றன்றைக்கே எடுத்துவைக்காத ஆள் போட்ட முதற்காசையே சாப்பிடுகிற ஆள் என்றாள். அந்த இஞ்சின் ஒவ்வொரு விடியற்காலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதை இலாபம் என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்!

"வீடும் ஒரு கம்பனிதான் அம்மா" என்று அந்தப் பிள்ளை கடைசி நாள் சொன்னாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். எங்கள் கரையில் உழைப்பைப் பிரிக்க ஒரு முறை இருக்கிறது. மீன் விற்ற காசில் முதலில் மண்ணெண்ணெய்க்கும் ஐஸுக்கும் எடுக்க வேண்டும். மிச்சத்தில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. வள்ளம் சாப்பிடுவதில்லை, உடுப்பதில்லை, ஆனாலும் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் வீட்டில் நடந்த பிழை என்னவென்றால், வள்ளத்தின் பங்கும் அவருடைய பங்கும் ஒரே சாரத்து மடியில் வந்து, ஒரே டப்பாவில் விழுந்து, ஒரே கடைக்குப் போகும்.

"இனி வள்ளத்தின்ரை பங்கு வீட்டுக்கு வராது. நேரே வங்கிக்குப் போகும். அது இஞ்சின்ரை காசு" என்றேன். "வீட்டுக்கும் பங்கு பிரிக்கப் போறன். சாப்பாட்டுக்கு ஒண்டு, இவளின்ரை படிப்புக்கு ஒண்டு, உடைஞ்சது கிழிஞ்சதுக்கு ஒண்டு, லீவுக்கு ஒண்டு. எனக்குச் சம்பளம் ஒண்டு."

"உனக்குச் சம்பளமோ?" என்றார் அவர்.

"ஓம். ஏன், கூடாதோ? நான் வேலைக்கு வரமாட்டன் எண்டு நிண்டால் உங்களுக்குச் சமைக்கிறதுக்கு ஆரைப் பிடிப்பியள்? அவவுக்கு எவ்வளவு குடுப்பியள்?"

"அப்ப உந்தக் கம்பனியிலை நான் ஆர்?"

மகள் அப்போது உயர்தரத்தில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இடையில் புகுந்தாள். "நீங்கள்தான் அப்பா இஞ்சின். உங்களுக்கும் பெறுமானத்தேய்வு போடவேணும்."

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். அந்த முழங்கால் நெடுநாளாகவே மழைக்கு முதல் நோகிற முழங்கால். முழங்கால் எண்ணெய்க்கும் ஒரு வரி எழுதச் சொன்னேன். மகள் ஒரு புதுக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். கம்பனி தொடங்கிவிட்டது.

அடுத்த சில மாதங்கள் எனக்குப் பத்து வயது குறைந்தது போல இருந்தன. ஒவ்வொரு சதத்தையும் மறித்து, நீ எங்கே போகிறாய், என்ன வேலைக்குப் போகிறாய் என்று கேட்டேன். கடைக்காரன் மிச்சக் காசுக்கு டொபி தந்தால் திருப்பிக் கொடுத்தேன். சொந்தத்துக்குள் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியவீடு வந்தது. நெருங்கிய பெண்களெல்லாம் ஒரே நிறத்தில் சேலை எடுப்பது இப்போதைய வழக்கம். அந்த ஒரு நாள் உடுத்திவிட்டு அலுமாரிக்குள் போடுகிற சேலை. நான் எடுக்கவில்லை. படத்தில் எல்லாரும் ரோசாப்பூ நிறத்தில் நிற்க, ஓரத்தில் நான் மட்டும் நீலத்தில் நிற்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டுக் கனடாவில் இருந்து மாமி ஒருவர் போன் எடுத்தார்.

"என்ன பிள்ளை, கஷ்டமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பமே."

"கஷ்டமொண்டும் இல்லை மாமி. கம்பனி முடிவு" என்றேன். மாமி பயந்துபோய் வைத்துவிட்டார்.

லீவுப் பங்கில் ஒரு நாள் மூன்று பேரும் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குப் போனோம். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, செத்தவீட்டுக் காரியத்துக்கும் அமாவாசைக்கும் தவிர நாங்கள் அங்கே போனதே இல்லை. அவர் கேணிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். கடலில் உழைக்கிற ஆள், நல்ல தண்ணீரில் சும்மா நிற்பதைக் கண்டு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கட்டிக்கொண்டு போன புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்டுவிட்டு, கொப்பியில் அன்றைய செலவை எழுதினோம். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு சந்தோசம் கிடைக்குமென்று தெரிந்திருந்தால் முன்னமே கம்பனி தொடங்கியிருப்பேன்.

இதோடு நான் நின்றிருக்கவேண்டும். ஆனால் எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது.

எங்கள் துறை, துறைமுகத்தில் இருந்து கொஞ்சம் மேற்கே இருக்கிறது. அடியில் கூரான முருகைக்கல். கடல் பெலத்து எழும்பினால் வள்ளத்தைத் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது, கரைக்கு இழுத்து ஏற்றவேண்டும். ஒரு வள்ளத்தை ஏற்றப் பத்துப் பேர் வேண்டும். வள்ளம் வருகிற நேரம் கரையில் நிற்கிற ஆண், பெண் எல்லாரும் கயிற்றைப் பிடிப்பார்கள். வள்ளத்துக்குக் கீழே உருளைக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். கூலி கிடையாது. ஏலத்துக்கு மீன் போக முதல், வள்ளக்காரர் ஒரு குவியலை ஒதுக்கி, கை கொடுத்த எல்லாருக்கும் கறிக்கு மீன் கொடுப்பார். அதுதான் கறிமீன். கை கொடுக்க ஏலாத கிழடுகளுக்கும், உழைக்க ஆள் இல்லாத வீடுகளுக்கும்கூட அதில் பங்கு உண்டு.

ஒரு நாள் நான் தராசைக் கரைக்குக் கொண்டுபோனேன். பத்து நாள், ஒதுக்கின குவியலை ஆருக்கும் தெரியாமல் நிறுத்தேன். ஏலத்தில் அதற்கு என்ன விலை போயிருக்கும் என்று மகளைக் கொண்டு கணக்குப் பார்த்தேன். வருடத்துக்குப் பெருக்கியபோது கொப்பியைப் போட்டுவிட்டு எழும்பினேன். பாதி இஞ்சின்! எங்கள் பாதி இஞ்சின் ஒவ்வொரு வருடமும் ஊராரின் குழம்புச் சட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது! கோதாரியில் போக, அந்த மனுசன் கடலில் நின்று சாகப் பார்க்க, இவர்கள் பாரையும் விளைமீனும் தின்கிறார்களா?

அவரிடம் சொன்னேன். "உதைத் தொடாதை. உது கரைப் பழக்கம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் மனுசன் இரண்டு வசனத்துக்கு மேல் வாதாட மாட்டார். அது எனக்கு எப்போதும் வசதியாகப் போய்விடும்.

அடுத்த நாள் காலை வள்ளம் வந்து ஏறினதும், நானே போய் மீன் கூடைக்கு முன்னால் நின்றேன். "இனி எங்கடை வள்ளத்திலை கறிமீன் இல்லை. வேணுமெண்டால் ஏலத்திலை எடுங்கோ" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி குனிந்து இல்லாத சிக்கலை வலையில் எடுத்தான்.

எல்லாருக்கும் முன்னால் நின்றது எங்கள் பின்வளவுக்காரி. எனக்குச் சொந்தம் இல்லை, ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். பகலில் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை, காலையில் கரை. கயிறு இழுக்கிறபோது குரல் கொடுக்கிறது அவள்தான். அந்தக் குரலுக்குத்தான் பத்துப் பேரின் பெலமும் ஒரு பெலமாகச் சேரும். அவள் கையில் விரித்து வைத்திருந்த பையை மடித்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நல்லது மச்சாள். கம்பனி வளரட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் காதுக்குள் நின்றது. ஆனாலும் நான் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். வங்கிப் புத்தகம் என் பக்கம் நின்று சாட்சி சொன்னது. அது கடல் படுத்துக் கிடக்கிற காலம். கரைக்கு ஏற்றாமல் முழங்கால் தண்ணீரில் நங்கூரத்தில் விட்டாலும் வள்ளத்துக்கு ஒன்றும் ஆகாது. கறிமீன் விற்ற காசு தனியாக ஏறிக்கொண்டே போனது. இன்னும் நான்கு மாதம் இப்படிப் போனால், வாடை பெலக்க முதல் புது இஞ்சின் வந்துவிடும். நான் விலைகூடக் கேட்டுவைத்தேன். தம்பி மட்டும் ஒரு நாள், "அக்கா, இஞ்சினையும் கூடையையும் ரெண்டு பேராத் தூக்கி இறக்கி என்ரை நாரி எலும்பு போச்சு" என்று முனகினான். நாரிக்கும் எண்ணெய் தாறன், பேசாமல் இரு என்றேன்.

அந்த வருடம் வாடை முந்திவிட்டது.

ஒரு காலை, வானம் ஒரு பக்கம் கறுத்துக் காற்றுத் திரும்பியது. கடலில் நின்ற வள்ளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு ஓடிவந்தன. எங்கள் வள்ளம் மூன்றாவதாக வந்தது. அவர்களைக் கண்ணால் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. இஞ்சின் நிற்கவில்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள், இனி என்ன என்று நினைத்தேன். அவரும் தம்பியும் இடுப்பளவு தண்ணீரில் குதித்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி இஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து எப்படியோ கரை சேர்த்தான். நான் கயிற்றை எடுத்துக்கொண்டு, "ஆராவது வாங்கோ! கெதியா வாங்கோ!" என்று கத்தினேன்.

ஒருத்தரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "வாறம், வாறம்" என்றுதான் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே அடுத்த வள்ளத்தின் கயிற்றைப் பிடித்தார்கள். அவர்களுக்கு என்னில் கோபம்கூட இருக்கவில்லை, அது எனக்கு முகத்தைப் பார்க்கத் தெரிந்தது. எந்தக் கயிறு முதல், எந்தக் கயிறு பிறகு என்று அவர்களின் கைகளுக்குப் பழகிவிட்டது. எங்கள் கயிறு அந்தக் கைகளுக்கு மறந்துபோயிருந்தது.

நானும் மகளும் இழுத்தோம். இரண்டு பெண்கள் இழுத்து அசைகிற சாமானா அது? கயிறு என் உள்ளங்கையைக் கிழித்தது. ஒவ்வொரு அலைக்கும் வள்ளம் பக்கவாட்டில் தூக்கிக் கல்லில் அடித்தது. வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்படாமல் விலகுங்கோ விலகுங்கோ என்று நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் விலகவில்லை. நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ, உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

மற்ற வள்ளம் ஒன்று ஏறி முடிந்ததும் மச்சாள் ஓடிவந்தாள். என்னைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினாள். "கயித்தை விடடி, கை கிழிஞ்சு போட்டுது! போய்க் கட்டையைப் பிடி!" என்றாள். அவள் குரல் கொடுத்தாள். பின்னால் எல்லாரும் வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் வள்ளம் மணலில் கிடந்தது, அடியில் என் கை போகிற அகலத்துக்கு வெடிப்போடு.

பைபர் ஒட்டுகிறவர் எங்கள் துறைக்காரர்தான். வழமையாகச் சாமான் காசை வாங்கிக்கொண்டு, கூலிக்கு நாலு நாள் கறிமீன் தா என்பார். இந்த முறை முழுக் கூலியும் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல், "பற்றுச்சீட்டும் எழுதித் தாறன் தங்கச்சி. இப்ப எல்லாம் கணக்காத்தானே" என்றார். உறைத்தது. காசை எண்ணிக் கொடுத்தேன். மூன்று கிழமை தொழில் இல்லை. இஞ்சினுக்குச் சேர்த்த காசில் பெரும்பங்கு வள்ளத்தின் அடியில் ஒட்டுண்டு போனது. புது இஞ்சின் அந்த வருடம் இல்லை என்றாகிவிட்டது.

கறிமீனில் நான் பிடித்த மிச்சம், அந்த மனுசனை இன்னொரு வாடைக்காலம் அந்தப் பழைய இஞ்சினோடு கடலுக்கு அனுப்பப் போகிறது. அவர் என்னை ஏசுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். ஏசினால் நானும் ஏசலாம், சண்டை பிடித்து அழுது முடிக்கலாம். அவர் என் கைக் காயத்துக்கு மருந்து கட்டிவிட்டு, "வள்ளம் தானே உடைஞ்சது" என்றார். அதற்குத்தான் அழுதேன்.

மாதக் கூட்டம் வந்தது. எனக்குக் கொப்பியைப் பார்க்கவே விருப்பமில்லை. "கம்பனியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். அடுப்புக்கை போடு" என்றேன். மகள் போடவில்லை. பழைய பக்கம் ஒன்றைத் திருப்பினாள். அங்கே கறிமீன் என்பதைத் தானம் என்ற தலைப்புக்குக் கீழே எழுதியிருந்தோம். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.

"கம்பனி பிழையில்லை அம்மா. உதை எழுதின இடந்தான் பிழை" என்றாள். "மண்ணெண்ணெய்க்குக் குடுக்கிறதைத் தானம் எண்டு எழுதுவமே? மண்ணெண்ணெய் இல்லாட்டி வள்ளம் கடலுக்குப் போகாது. உது இல்லாட்டி வள்ளம் கரைக்கு ஏறாது."

தானத்தை வெட்டிவிட்டு, முதலாவது வரியில், மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் கறிமீன் என்று எழுதினாள். வெட்ட முடியாத செலவுகளின் வரிசை அது. நான் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்து பிழையாகப் படித்ததை, என் வயிற்றில் பிறந்தது ஒரு பேனைக் கீறலில் திருத்திவிட்டது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஒரு அடி போட்டால் என்ன என்றும் இருந்தது.

கொப்பியில் திருத்துவது லேசு. கரையில் திருத்துவது வேறு வேலை. ஒட்டின வள்ளம் முதல் நாள் கடலுக்குப் போய் வந்த காலை, நானே குனிந்து குவியலை ஒதுக்கினேன். நல்ல விளைமீனாகப் பார்த்துப் போட்டேன். ஆட்கள் வந்து வாங்கினார்கள். சிலர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள், ஆனால் வாங்கினார்கள். மச்சாள் மட்டும் பையை விரிக்கவில்லை.

"எனக்கு வேண்டாம். நான் ஏலத்திலை எடுக்கிறன்" என்றாள்.

சொன்னது போலவே, எல்லாரும் பார்க்க, வெங்காயக் கூலிக் காசை எண்ணிக் கொடுத்து எங்கள் மீனிலேயே ஒரு கூறு எடுத்தாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒரு கிழமை இப்படியே நடந்தது. வந்து கயிறு இழுப்பாள், குரல் கொடுப்பாள், பிறகு காசு கொடுத்து மீன் எடுப்பாள். அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு வசதி. எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"மச்சாள், பிழை விட்டிட்டன். ஊருக்கு முன்னாலை சொன்னனான், ஊருக்கு முன்னாலையே சொல்லுறன். பிழை விட்டிட்டன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பிழை எண்ட சொல் உன்ரை வாயிலை வர ஒரு வள்ளம் உடைய வேண்டிக் கிடந்திருக்கு" என்றாள். கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அவள் இடுப்பில் இருந்து பையை எடுத்து உதறி விரித்தாள். "போடு. உந்தப் பெரிசையும் போடு" என்றாள்.

அந்த வாடைக்காலம் எனக்கு நெருப்பின் மேல் நடந்தது போலத்தான் போனது. அவர் போகிற ஒவ்வொரு விடியலும் நான் கரையில் நின்றேன். இஞ்சின் ஒரு தரம் இருமினால்கூடக் கரையில் நின்றே எனக்குக் கேட்கும். ஆனால் பக்கத்தில் மச்சாளும் நின்றாள். மீன் வர இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே வந்து நிற்பாள், வாய் ஓயாமல் யாரையாவது பற்றிக் கதைப்பாள். எனக்காகத்தான் வருகிறாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன இஞ்சின் அந்த முறை ஒரு தரம்கூட நிற்கவில்லை. ஆர் செய்த புண்ணியமோ தெரியாது.

கம்பனி நடந்துகொண்டே இருந்தது. வள்ளத்தின் பங்கு வங்கிக்கு, கறிமீன் முதல் வரியில், எனக்குச் சம்பளம், அவருக்கு முழங்கால் எண்ணெய். மெதுவாகத்தான் ஏறியது. அடுத்த வாடைக்கு முதல், ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் இருந்து புது இஞ்சின் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவுமிசினில் ஏறி எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. யாருக்கும் ஒரு சதம் கடன் இல்லை. பெட்டியை உடைத்துப் பூச்சூட்டிப் பொட்டு வைத்தோம். அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

முதல் மூன்று நாளும் நான் வழமை போலக் கரைக்குப் போனேன். நான்காம் நாள் அவரை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்து, சும்மா ஒருக்கா நாரியை நிமிர்த்துவம் என்று பாயில் சரிந்தேன்.

கேற்றில் யாரோ படபடவென்று அடித்தார்கள். துள்ளி எழும்பினேன். வெயில் முற்றம் முழுக்க விழுந்திருந்தது. கேற்றில் மச்சாள், மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் என்னைத் தேடி வீட்டுக்கு ஓடிவந்தாள் என்றால் என்ன அர்த்தம்? வாசற்படிக்கு ஓடினேன்.

"எடியே, உனக்கு என்ன நடந்தது? காய்ச்சலோ?" என்று கேட்டாள்.

"அவர்...?"

"அவருக்கென்ன? வந்து, வள்ளம் ஏத்தி, ஏலமும் முடிஞ்சு, அங்கை இருந்து பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார். உன்னைக் கரையிலை காணேல்லை எண்டு நான்தான் பயந்துபோய் ஓடிவாறன்."

திரும்பிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதரை. அப்படியே படியில் இருந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழத் தொடங்கினேன்.

"இப்ப ஏன் அழுறாய்? விசரே உனக்கு?"

"நித்திரை கொண்டிட்டன் மச்சாள்" என்றேன். "அவர் கடலிலை நிக்க நான் நித்திரை கொண்டிட்டன்."

அவளுக்கு விளங்கிவிட்டது. மீன் பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து இருந்தாள்.